அந்தப் பையன் பார்த்துக்குவான்

நம் அலுவலகங்களில் ஓடும் ஆகச் சிறந்த தானியங்கி எது என்று கேட்டால் செயற்கை நுண்ணறிவு, கிளவுட் என்று எதையாவது சொல்வீர்கள். ஏமாந்தீர்கள். அதன் பெயர் ‘அந்தப் பையன்’. நாற்பது புது சர்வர் வந்து இறங்கியிருக்கிறதா, வெள்ளிக்கிழமைக்குள் எல்லாவற்றிலும் ஓ.எஸ். ஏற்றித் தர வேண்டுமா? அந்தப் பையன் பார்த்துக்குவான். பழைய ஓ.எஸ்.ஸுக்கு ஆதரவு முடிந்துவிட்டதா? அந்தப் பையன் பார்த்துக்குவான். இதற்கெல்லாம் எழுத்துபூர்வமான திட்டம் எங்கே என்று தணிக்கைக்காரர் கேட்கிறாரா? அதையும் ராத்திரி உட்கார்ந்து அந்தப் பையனே எழுதிவிட்டால் போயிற்று.

அபூர்வமான இயந்திரம் இது. கேன்டீன் டீயில் ஓடும். லைசென்ஸ் கட்டணம் கிடையாது. அப்ரைசலில் ‘மீட்ஸ் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ என்று ஒரு வரி போட்டால் இன்னும் ஓராண்டுக்குத் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். பழுதானால் ரிப்பேர் பார்க்க வேண்டாம். அதே நாற்காலியில், அதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு, புதிது ஒன்றை உட்கார வைக்கலாம். சில இடங்களில் அது ‘அந்தப் பொண்ணு’. மாடல்தான் வேறு, விதி ஒன்று. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, வேறெந்தத் தானியங்கியிலும் கிடைக்காத ஒரு வசதி இதில் உண்டு: பழி போட்டால் வாங்கிக்கொள்ளும்.

இது வேலை செய்யும் அழகைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். பழைய மகாபலிபுரம் சாலையில், தரமணியில், சிறுசேரியில் இருக்கும் கண்ணாடிக் கட்டடங்களில்தான் உலகத்து வங்கிகளும் காப்பீட்டுக் கம்பெனிகளும் தங்கள் சர்வர்களை ராப்பகலாகப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருக்கின்றன. அப்படி ஒரு தளத்தில், இரவு ஒன்றரை மணிக்கு, ஒரு திரையில் எக்ஸெல் கோப்பு திறந்திருக்கிறது. பெயர்: ‘சர்வர் பில்ட் செக்லிஸ்ட் ஃபைனல் ரிவைஸ்டு லேட்டஸ்ட் 2’. மஞ்சள் அடித்த வரிகளை அவசியம் செய்ய வேண்டும். சிவப்பு அடித்த வரிகளைச் செய்யவே கூடாது. அல்லது அவசியம் செய்ய வேண்டும். எது என்று சிவப்பு அடித்தவருக்குத் தெரியும். ஒரு வரியில் ‘டிஸ்க் அளவுக்கு ஸ்டோரேஜ் டீம் சாரைக் கேட்கவும்’ என்று இருக்கிறது. அந்த சார் வேலையை விட்டுப்போய் மூன்று தீபாவளி ஆகிறது.

பையன் ரிமோட் கன்சோலைத் திறக்கிறான். ஓ.எஸ். கோப்பை மாட்டுகிறான். மொழி, விசைப்பலகை, பார்ட்டிஷன், கடவுச்சொல். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட். ஒன்றில் பட்டை ஊர்ந்துகொண்டிருக்கும்போதே இன்னொன்றைத் திறக்கிறான். நான்கு மணி வாக்கில், ஒன்பதாவது சர்வரில், அவன் கண் செருகுகிறது. அதுவரை இந்திய நேரம் என்று தேர்ந்தெடுத்தவன் அதில் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தை அப்படியே விட்டுவிடுகிறான். லாக் எழுதும் பகுதிக்கு ஒன்றில் ஐம்பது ஜிபி ஒதுக்கியவன் இன்னொன்றில் ஐந்தோடு நிறுத்திவிடுகிறான். ‘தற்காலிகமாக’ ஒரு அட்மின் கணக்குத் திறந்து, எல்லோருக்கும் தெரிந்த அந்தக் கடவுச்சொல்லையே போடுகிறான். அது அந்த சர்வர் எடைக்குப் போகும் வரை தற்காலிகமாகவே இருக்கும். காலையில் ‘முடிந்தது’ என்ற கட்டத்தில் ஒன்பது டிக். மேனேஜர் பச்சை நிறத்தைப் பார்த்துத் திருப்தியடைகிறார்.

ஒரே வேலைக்கு என்று வாங்கிய ஒன்பது சர்வரும் ஒன்பது குணத்தோடு பிறந்துவிட்டன. இதில் நாளைக்கு ஒன்றில் திருடன் புகுந்தால், எத்தனை மணிக்கு எங்கிருந்து எங்கே போனான் என்று லாக்குகளை ஒட்டிப் பார்ப்பவருக்கு ஐந்தரை மணி நேரம் இடிக்கும். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவு, சர்வர்களின் கடிகாரங்கள் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்கிறது. லாக்குகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தரச் சொல்கிறது. உத்தரவு நல்ல உத்தரவுதான். ஆறு மணி நேரம் போதுமா என்றுதான் சந்தேகம். அப்படி ஒரு சர்வர் நம்மிடம் இருப்பதைக் கண்டுபிடிக்கவே சில இடங்களில் ஆறு நாள் ஆகும்.

வேறு வழியில்லாமல்தான் இப்படி நடக்கிறதோ என்று யாரும் இரக்கப்பட வேண்டாம். ஆள் தொடாமல் சர்வரில் ஓ.எஸ். ஏற்றும் வித்தை நேற்று வந்ததல்ல. சன் நிறுவனத்தின் ஜம்ப்ஸ்டார்ட்டும் ரெட் ஹேட்டின் கிக்ஸ்டார்ட்டும் 1990களின் சமாச்சாரம். ஏற்றிய பிறகு சர்வர்களை ஒரே ஒழுங்கில் வைத்திருக்கும் சி.எஃப்.எஞ்சினை ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் மார்க் பர்கெஸ் எழுதியது 1993-இல். நெட்வொர்க் வழியாகவே இயந்திரத்தைக் கிளப்பும் பி.எக்ஸ்.இ. முறையை இன்டெல் வெளியிட்டது 1990களின் இறுதியில். டெபியனுக்கு பிரீசீட், சூசேக்கு ஆட்டோயாஸ்ட், விண்டோஸுக்கு அன்அட்டெண்ட் கோப்பு. பிறகு 2005-இல் பப்பெட், 2012-இல் ஆன்சிபிள். இவற்றில் பல இலவசம். இன்று நைட் ஷிஃப்டில் நெக்ஸ்ட் அழுத்திக்கொண்டிருக்கும் பையன் பிறப்பதற்கு முன்பே, அவன் அழுத்த வேண்டிய தேவை தீர்ந்துபோயிருந்தது.

வேலை நடக்கும் விதமும் ராக்கெட் விஞ்ஞானம் கிடையாது. வெறும் சர்வரை நெட்வொர்க்கில் மாட்டிப் பவர் போட்டால் அதன் நெட்வொர்க் கார்டு தனக்கொரு முகவரி கேட்டுக் கூவும். டி.எச்.சி.பி. சர்வர் முகவரியைக் கொடுத்து, பூட் கோப்பு எங்கே இருக்கிறது என்றும் சொல்லும். அதை இறக்கிக்கொண்டு கெர்னல் கிளம்பும், இன்ஸ்டாலர் வரும். மனிதனிடம் கேட்க வேண்டிய கேள்விகளை அது ஒரு பதில் கோப்பிடம் கேட்கும்: டிஸ்க்கை எப்படிப் பிரிக்க? எந்தெந்த மென்பொருள் வேண்டும், எது கூடாது? நேரம் யாரிடம் கேட்க? பேட்ச் எங்கிருந்து எடுக்க? பதில் கிடைத்தால் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் சர்வர் தயார். நாற்பது சர்வருக்கும் அதே பதில், அதே ஒழுங்கு. நாற்பதில் ஒன்று செத்தால் அழ வேண்டாம்; அழித்துவிட்டு அதே கோப்பில் மறுபடி கட்டலாம்.

நம் கம்பெனிகள் இடறி விழுவது சரியாக இந்த இடத்தில்தான். பதில் கோப்பு என்றால் பதில் இருக்க வேண்டுமே!

திட்டமிடல் கூட்டம் கூடுகிறது. முதல் கேள்வி: நம்மிடம் மொத்தம் எத்தனை சர்வர்? கொள்முதல் துறை பர்ச்சேஸ் ஆர்டர்களைக் கூட்டி ஓர் எண் சொல்கிறது. நிதித் துறை தேய்மானக் கணக்கைப் பார்த்து வேறோர் எண் சொல்கிறது. அதில் எடைக்குப் போட்டவையும் இன்னும் தேய்ந்துகொண்டிருக்கின்றன. கண்காணிப்புத் துறை, திரையில் பச்சை விளக்கு எரிபவற்றை மட்டும் எண்ணி மூன்றாவதாக ஒன்று சொல்கிறது. மூன்றையும் கூட்டிச் சராசரி போட்டுக்கொள்ளலாமே என்று ஒரு பெரியவர் வழி சொல்கிறார். ஒரு வீட்டுக் கல்யாணத்தின் மொய் நோட்டில் பெயர், ஊர், தொகை என்று முப்பது வருஷத்துக்குப் பிறகும் தேடி எடுக்கிற ஒழுங்கு இருக்கிறது. கோடிக்கணக்கில் கொட்டி வாங்கிய இயந்திரங்களுக்கு அந்த நோட்டுக்கூட இல்லை.

ஆயுத பூஜை அன்று மட்டும் நிலைமை வேறு. ரேக் ரேக்காகச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு போவார்கள். ஒரு சர்வர் விடுபட்டதாகச் சரித்திரம் இல்லை. இன்வென்டரி வேண்டுமென்றால் குங்குமக் கிண்ணம் பிடித்த ஆளைக் கேட்டிருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை.

கூட்டம் தொடர்கிறது.

“எல்லாத்துக்கும் ஒரே மாதிரி போட்டுட்டா என்னப்பா?”

“டேட்டாபேஸுக்கு வேற மாதிரி, வெப் சர்வருக்கு வேற மாதிரி வேணும் சார். எது எந்த வேலைக்குன்னு முதல்ல பட்டியல் எடுக்கணும். ஒவ்வொண்ணுக்கும் யாரு ஓனர்னு எழுதணும். டெஸ்ட் பண்ண தனியா நாலு மெஷின் வேணும்.”

“அதுக்கு எவ்ளோ நாளாகும்?”

“மூணு மாசம் ஆகும் சார்.”

“இப்ப கையால பண்றது?”

“ஒரு சர்வருக்கு அரை நாள் சார்.”

“மூணு மாசம் எங்க, அரை நாள் எங்க! நீயே சொல்லு, எது பெட்டர்?”

கூட்டம் முடிந்தது. சமோசா நன்றாக இருந்தது.

இதை முட்டாள்தனம் என்று நினைத்தால் அந்த சாரைக் குறைத்து மதிப்பிடுகிறீர்கள். கணக்குத் தெரியாதவர் அல்லர் அவர். மூன்று மாதச் செலவு அவர் பட்ஜெட்டில் விழும். அரை நாள், அரை நாளாகப் போகும் செலவு எவர் கணக்கிலும் தெரியாது. அது பையனின் தூக்கத்திலிருந்து போகிறது. ஒப்பந்தக்காரருக்கோ ஆள்நாள் கணக்கில் பில். வேலை பத்து நிமிடத்தில் முடிந்தால் எந்த ஆள்நாளைக் காட்டிப் பணம் கேட்பது? டெண்டரில் சர்வருக்கு இரண்டு பக்கம், யு.பி.எஸ்.ஸுக்கு ஒரு பக்கம், ஏ.சி.க்கு ஒரு பக்கம் இருக்கும். கடைசியில் ‘இன்ஸ்டாலேஷன்: 1 ஜாப்’ என்று ஒற்றை வரி. எல்-1, அதாவது ஆகக் குறைந்த விலை கேட்டவர் அந்த ஒற்றை வரிக்கு யாரை அனுப்புவார்? பட்டம் வாங்கிய மை காயாத இன்னொரு பையனைத்தான்.

ஓ.எஸ். எப்போது காலாவதியாகும் என்பது ராணுவ ரகசியமும் இல்லை. விண்டோஸ் சர்வர் 2003-க்கு 2015 ஜூலை 14. விண்டோஸ் சர்வர் 2008-க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் சர்வர் 2012-க்கு 2023 அக்டோபர் 10. சென்ட்ஓ.எஸ். 7-க்கு 2024 ஜூன் 30. எல்லாம் ஆண்டுக்கணக்கில் முன்கூட்டியே அறிவித்த தேதிகள். சென்ட்ஓ.எஸ். 8-க்கு மட்டும் 2029 வரை என்று சொல்லிவிட்டு 2021-ஓடு முடித்தார்கள். அது துரோகம், அதற்கும் ஓராண்டு அவகாசம் இருந்தது. நம் கம்பெனிகளுக்கு இந்தத் தேதிகள் வருஷா வருஷம் எதிர்பாராத இயற்கைச் சீற்றமாகவே வந்து சேரும். முந்தின வாரம் ‘வார் ரூம்’ போடுவார்கள். போருக்குப் போகிறவன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம் ஏதோ ஆபீஸ் தமாஷ் என்று சிரித்துவிட்டுப் போக முடியாது. கையால் செய்கிற கம்பெனி என்ன விலை கொடுக்கும் என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஒரு முறை எழுதிக் காட்டியிருக்கிறது. நைட் கேப்பிடல் அங்கே பெரிய பங்கு வர்த்தக நிறுவனம். 2012 ஜூலை இறுதியில் தன் எட்டு சர்வர்களில் புது நிரலை ஏற்றியது. எப்படி? ஒரு தொழில்நுட்ப ஊழியர் கையால். ஏழில் ஏற்றினார். எட்டாவது விட்டுப்போயிற்று. இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று அந்தக் கம்பெனியில் எழுத்தில் விதியே இல்லை. அந்த எட்டாவது சர்வரில், 2003-லேயே பயன்பாட்டை நிறுத்திய ‘பவர் பெக்’ என்ற பழைய நிரல், நீக்க யாரும் மெனக்கெடாமல் ஒன்பது ஆண்டுகளாகப் படுத்திருந்தது. ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்ததும் பிசாசு எழுந்தது. வாடிக்கையாளர்கள் கொடுத்தவை 212 சிறிய ஆர்டர்கள். அவற்றுக்காக 45 நிமிடத்தில் 40 லட்சம் பரிவர்த்தனைகள், 39.7 கோடிக்கு மேற்பட்ட பங்குகள். நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல்.

அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தின் உத்தரவில் இன்னும் இரண்டு விவரங்கள் இருக்கின்றன. சந்தை திறப்பதற்கு முன்பே, எட்டு மணியிலிருந்து, அந்தப் பழைய நிரலின் பெயரைச் சொல்லி 97 மின்னஞ்சல்களை அவர்களுடைய சிஸ்டமே அனுப்பியிருக்கிறது. அவற்றை எச்சரிக்கையாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்தது, தீயை அணைக்கப் போனவர்கள், சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்து புது நிரலைக் கழற்றினார்கள். ஒரு பிசாசு எட்டாயிற்று. எந்த சர்வரில் என்ன இருக்கிறது என்று தெரியாத இடத்தில் வைத்தியமும் நோயாகத்தான் முடியும். ஆணையம் 1 கோடியே 20 லட்சம் டாலர் அபராதம் போட்டது. அடுத்த ஆண்டே கம்பெனி இன்னொன்றோடு இணைந்து கரைந்துபோனது. பதினேழு ஆண்டு வளர்த்த நிறுவனம், முக்கால் மணி நேரத்தில்.

பழி போடுகிற கலைக்கு வகுப்பு எடுக்க வேண்டுமானால் ஈக்விஃபாக்ஸைத்தான் கூப்பிட வேண்டும். அமெரிக்கர்களின் கடன் ஜாதகத்தை வைத்திருக்கும் கம்பெனி அது. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளில் ஓட்டை இருக்கிறது என்று 2017 மார்ச்சில் உலகத்துக்கே தெரிந்தது. அடைப்பதற்கான பேட்ச்சும் அன்றே வந்தது. கம்பெனி என்ன செய்தது? 400-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரு மின்னஞ்சல்: 48 மணி நேரத்துக்குள் பேட்ச் போடுங்கள். நானூறு பேருக்குச் சொன்ன வேலையை நானூறு பேரும் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டார்கள். அந்த ஓட்டை வழியாக மே மாதம் திருடர்கள் புகுந்து ஜூலைக் கடைசி வரை உள்ளேயே குடியிருந்தார்கள். அவர்களைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டிய கருவி, ஒரு சான்றிதழைப் புதுப்பிக்காததால் 19 மாதமாகக் குருடாகக் கிடந்தது. சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போயின. எந்த மென்பொருள் எந்த சர்வரில் ஓடுகிறது என்ற முழுப் பட்டியல் அந்தக் கம்பெனியில் இல்லை என்று செனட் விசாரணை பின்னர் சொன்னது.

இனி கலை. தலைமை நிர்வாகியாக இருந்த ரிச்சர்ட் ஸ்மித், அக்டோபரில் நாடாளுமன்றக் குழு முன் உட்கார்ந்து, பேட்ச் போடச் சொல்லித் தகவல் தெரிவிக்க வேண்டிய ஒரு தனி மனிதர் அதைச் செய்யத் தவறிவிட்டார் என்றார். ஒரே ஒரு மனிதர்! அந்தச் சாட்சியத்துக்கு முதல் நாள் ஒரு மூத்த அதிகாரியை வேலையை விட்டு நீக்கினார்கள். குற்றம், அந்த மின்னஞ்சலை ஃபார்வர்டு செய்யவில்லை. அப்படி ஃபார்வர்டு செய்யும்படி அவருக்கு யாரும் சொல்லவே இல்லை என்று 2018 டிசம்பரில் வந்த நாடாளுமன்றக் குழு அறிக்கை எழுதியிருக்கிறது. பதினாலரைக் கோடிக்கும் மேற்பட்டவர்களின் பாதுகாப்பு ஒருவர் ஒரு மின்னஞ்சலை ஃபார்வர்டு செய்வதில் தொங்கியது என்றால், அந்தக் கம்பெனியை அப்படித் தொங்கவிட்டது யார்? கேள்வியைக் கேட்க விடாமல் பார்த்துக்கொள்ளத்தான் பலியாடு.

பங்குக்காரன் பணமும் கடன் ஜாதகமும் போனால் போகட்டும் என்று சொல்கிறவர்கள் லண்டனுக்கு வாருங்கள். 2017 மே 12, வெள்ளிக்கிழமை, வானாக்ரை என்ற கணினி வைரஸ் பிரிட்டனின் பொது மருத்துவமனைகளுக்குள் புகுந்தது. அது நுழைந்த ஓட்டைக்கான பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-இலேயே கொடுத்துவிட்டது. பேட்ச் போடச் சொல்லி மார்ச்சிலும் ஏப்ரலிலும் எச்சரிக்கைகள் போயின. பழைய விண்டோஸ் எக்ஸ்பியிலிருந்து மாறத் திட்டம் போடுங்கள் என்று 2014-லேயே கடிதமும் போயிருந்தது. இங்கிலாந்தின் 236 மருத்துவமனை அமைப்புகளில் குறைந்தது 81 பாதிக்கப்பட்டன என்கிறது தேசியத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கை. ரத்தான சந்திப்புகள் 19,000-க்கு மேல் இருக்கும் என்பது அதன் மதிப்பீடு. ஐந்து இடங்களில் அவசர சிகிச்சைக்கு வந்தவர்களை வேறு ஊருக்குத் திருப்பினார்கள். தாக்குதலுக்கு முன்பே 88 அமைப்புகளில் நேரில் போய்ப் பாதுகாப்பைச் சோதித்திருந்தார்கள். தேறியது ஒன்றுகூட இல்லை.

ஆம்புலன்ஸில் படுத்துக்கொண்டு, ‘இங்கே முடியாது, அடுத்த ஊருக்குப் போங்கள்’ என்று கேட்டவருக்கு ஓ.எஸ். என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டுமா? கடிதம் வந்ததும் அதை ஒரு ஃபைலில் போட்டுக் கட்டிவைத்தவர்களில் எவர் வீட்டு ஆம்புலன்ஸ் திரும்பியது? மனிதனுக்குக் கோபம் வருவதற்கு இதைவிட என்ன வேண்டும்?

உடனே இன்னொரு கூட்டம் கை தூக்கும்: “பார்த்தீர்களா, அதனால்தான் நாங்கள் எல்லாவற்றையும் தானியங்கி ஆக்குகிறோம்.” இவர்களைப் பார்த்தால் முந்தையவர்களே தேவலை. திட்டம் போடுவதை விட்டுவிட்டுத் தானியங்கியை மட்டும் வாங்குகிறவர்கள் இவர்கள். அரை நாளில் ஒரு சர்வரைக் கெடுத்துக்கொண்டிருந்தவர்கள் அரை நிமிடத்தில் ஆயிரத்தைக் கெடுக்கலாம் என்பதுதான் இதில் கிடைக்கும் முன்னேற்றம்.

2014 மே மாதம் அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்தில் நடந்ததைக் கேளுங்கள். விண்டோஸ் 7 ஏற்றும் பணி ஒன்றைத் தவறுதலாக அங்கிருந்த எல்லா விண்டோஸ் இயந்திரங்களுக்கும் அனுப்பிவிட்டார்கள். அந்தப் பணியின் முதல் படியே டிஸ்க்கைத் துடைத்துப் புதிதாகப் பிரிப்பது. லேப்டாப், டெஸ்க்டாப், சர்வர் என்று பேதம் பார்க்காமல் அது கிளம்பிற்று. விஷயம் தெரிந்து ஆணை பிறப்பித்த சர்வரை நிறுத்தப் போனார்கள். அதற்குள் அதுவும் தன்னைத் தானே துடைத்து முடித்திருந்தது. கருவி சொன்னபடி கேட்டது. சொல்வதற்கு முன் யாரும் யோசிக்கவில்லை. இந்தக் குழுவுக்கு மட்டும் என்று வேலி போடவில்லை. சர்வர்களை ஒதுக்கி வைக்கவில்லை.

2024 ஜூலை 19-ஐ நம் ஊர்க்காரர்களும் மறந்திருக்க மாட்டார்கள். பாதுகாப்பு மென்பொருள் கம்பெனியான கிரவுட்ஸ்டிரைக் ஒரு சின்னக் கோப்பை உலகம் முழுவதற்கும் ஒரே மூச்சில் அனுப்பியது. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்குள் மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் இயந்திரங்கள் நீலத்திரையோடு படுத்துவிட்டன. டெல்டா விமான நிறுவனம் மட்டும் ஏறக்குறைய 7,000 விமானங்களை ரத்து செய்தது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். முதலில் கொஞ்சம் இயந்திரங்களுக்கு அனுப்பி, ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு அனுப்பும் பழக்கம் இந்தத் துறையில் குழந்தைக்கும் தெரியும். அந்த வகைக் கோப்புக்கு அதைச் செய்யவில்லை. இனி செய்கிறோம் என்று பிறகு அறிவித்தார்கள்.

எண்பத்தைந்து லட்சத்தையும் எழுப்பியது யார் என்று கேட்டீர்களா? ஒரு பொத்தானில் கவிழ்ந்தவற்றில் பலவற்றை ஒரு பொத்தானில் நிமிர்த்த முடியவில்லை. ஒவ்வொன்றாகப் போய், சேஃப் மோடில் திறந்து, 48 இலக்க பிட்லாக்கர் சாவியைத் தட்டி, அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. பென் டிரைவை எடுத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறியது கம்பெனித் தலைவர் அல்லர்.

அப்படியானால் திட்டம் என்றால் என்ன? கன்சல்டன்ட் கொண்டுவரும் அம்பு போட்ட வண்ணப் படம் அல்ல. ஒவ்வொரு சர்வரும் யாருடையது, எதற்காக, எந்த ஓ.எஸ்., அது என்றைக்கு முடிகிறது என்ற பட்டியல். ஒவ்வொரு வகைக்கும் ஒரு பதில் கோப்பு. அதை மாற்றினால் யார், எப்போது, ஏன் மாற்றினார் என்ற தடம். மாற்றத்தை இன்னொரு ஜோடிக் கண் பார்த்த பிறகே அது வெளியே போவது. உயிருள்ள நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைத்த ஒரு சோதனை இடம். முதலில் இரண்டு, பிறகு இருபது, பிறகுதான் இருநூறு என்ற படிகள். கவிழ்ந்தால் திரும்புவதற்கான வழி, அந்த வழியில் ஒருமுறையாவது நடந்து பார்த்த அனுபவம். ஒரே இமேஜை நகலெடுக்கும்போது நூறு சர்வருக்கும் ஒரே எஸ்.எஸ்.எச். சாவி போய்விடாமல் பார்க்கும் அக்கறை. இவ்வளவுக்கும் சம்பளம் கொடுத்து ஆள், பகல் வேளையில், நேரம் ஒதுக்கி. இதில் கோடி ரூபாய் மென்பொருள் எது? எதுவுமில்லை. தேவைப்படுவது, மேலே உட்கார்ந்திருப்பவர் ஒரு தாளில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடுவது. அது ஒன்றுதான் நம் கம்பெனிகளால் முடியாதது.

ஏனென்றால் திட்டம் எழுத்தில் இருந்தால் பொறுப்பும் எழுத்தில் வந்துவிடும். பேட்ச் போடுவதை மூன்று மாதம் தள்ளிவைத்தது யார், சோதனைக்கு நாலு மெஷின் கேட்ட மனுவை மறுத்தது யார், காலாவதியான ஓ.எஸ்.ஸை இன்னும் ஓராண்டு ஓட்டச் சொன்னது யார் என்பதெல்லாம் தேதியோடு பதிவாகிவிடும். எழுதாமல் விட்டாலோ எல்லாம் பையன் தலையில் இருக்கும். தலையில் இருக்கும்வரை அவன் ‘கீ ரிசோர்ஸ்’. தவறு நடந்த மறுநிமிடம் அவன் ‘ஹியூமன் எரர்’. மூலகாரணம் கண்டறியும் கூட்டத்தில் அவனுக்கு மேலே ஏழு படி ஆள் உட்கார்ந்து, ஏழு பேரும் அவனையே பார்ப்பார்கள். மூலகாரணம் ஏழு நாற்காலியில் பரவிக் கிடக்க, அறிக்கையில் ஒரே பெயர்தான் இருக்கும்.

அதனால் வங்கி முடங்கும்போதும், ஆஸ்பத்திரியில் டோக்கன் வராதபோதும், விமான நிலையத்தில் தரையில் படுத்திருக்கும்போதும், ‘ஒரு ஊழியரின் கவனக்குறைவால் ஏற்பட்ட தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று எவராவது கோட் சூட் போட்டுக்கொண்டு சொன்னால் தலையாட்டாதீர்கள். நான்கு கேள்விகள் கேளுங்கள். உங்களிடம் மொத்தம் எத்தனை சர்வர் இருக்கிறது? அவற்றில் எத்தனை ஓ.எஸ். காலாவதி ஆனவை? இப்போதே ஒன்றை அழித்தால், யாரையும் தூக்கத்திலிருந்து எழுப்பாமல் திரும்பக் கட்ட முடியுமா? முடியாதென்றால், முடிகிற மாதிரி செய்ய வேண்டும் என்று கேட்டவரின் மனுவில் ‘பிறகு பார்க்கலாம்’ என்று எழுதிய கையெழுத்து யாருடையது?

நான்காவது கேள்விக்கு வரும் பெயரைத்தான் அந்த அறிக்கையில் போட வேண்டும். சம்பளத்தைப் பிடிப்பதென்றாலும் அங்கேதான் பிடிக்க வேண்டும்.